பொருந்தாத மரையை இறுக்கச் சொன்ன நிறுவனத்துக்கு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

விடயம்: தங்களிடம் பாகங்களாக வாங்கி நானே பூட்டிய கிட் காரில் பிறேக் ஒயிலும் றேடியேற்றர் தண்ணீரும் ஒழுகுவது

ஐயா,

இணைப்புகளை நன்றாக இறுக்கவும், கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று எனது முதல் முறைப்பாட்டுக்கு இரண்டு வரியில் பதில் அனுப்பியிருக்கிறீர்கள். எந்த இணைப்பு என்று கேட்கவும் இல்லை, நான் அனுப்பிய படங்களைப் பார்த்ததற்கு அடையாளமும் இல்லை. எது ஒழுகுகிறது, ஏன் ஒழுகுகிறது என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் பிறேக். சேஸியில் நீங்களே பூட்டி அனுப்பிய மூன்று வாய் இணைப்பின் உள்மரை, அதாவது உட்புறத் திருகுப் புரி, 10 மில்லிமீற்றர், புரிக்குப் புரி 1 மில்லிமீற்றர் இடைவெளி கொண்டது. அதற்கென்று குழாய்களில் கோத்து அனுப்பிய நட்டுகளோ 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. 3/8 அங்குலம் ஏறத்தாழ 9.5 மில்லிமீற்றர்தான். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கையால் சுழற்றினால் நட்டு தடையில்லாமல் உள்ளே போய்விடும். ஸ்பனர் போட்டு இறுக்கும்போதுதான் மரை வழுக்குகிறது. கிளிநொச்சியில் லேத் வைத்திருக்கும் அண்ணர் ஒருவர் மரை அளக்கும் தகட்டை வைத்துப் பார்த்த உடனேயே இதைச் சொல்லிவிட்டார். இன்னும் இறுக்கினால் மிச்ச மரையும் தேய்ந்துவிடும்.

வெள்ளை டேப் சுற்றிப் பாருங்கள் என்று தொலைபேசியில் உங்கள் ஊழியர் சொன்னார். அது தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவது. பிறேக் குழாயில் ஒயிலைத் தடுப்பது மரை அல்ல, குழாயின் விரிந்த வாய் தன் இருக்கையில் போய் அமர்வதுதான். டேப்பின் துணுக்கு ஒயிலோடு உள்ளே போனால் அடைப்பும் சேர்ந்துகொள்ளும். பிறேக்கைப் பற்றி இப்படி ஓர் ஆலோசனை சொல்பவரை அந்த மேசையில் வைத்திருப்பது சரியா என்று நீங்களே யோசியுங்கள். வண்டியின் கீழ் பழைய பத்திரிகைத் தாளை விரித்து இரவு முழுவதும் விட்டேன். அந்த இணைப்புக்கு நேர் கீழே மட்டுமே நனைந்திருந்தது. ஒயில் பட்ட இடத்தில் சேஸியின் பெயின்ரும் உரிந்துவிட்டது.

அடுத்தது, முன் சில்லுகளில் பிறேக் தட்டை அமுக்கிப் பிடிப்பதற்கு நீங்கள் அனுப்பிய கலிப்பர்கள் இரண்டும் இடப்பக்கத்துக்கு உரியவை. வலப்பக்கத்தில் பூட்டினால் காற்று எடுக்கும் நிப்பிள் அடியில் வருகிறது. ஒயில் கீழால் சுத்தமாக வந்துகொண்டே இருக்கும், காற்று மேலே அப்படியே தங்கும், பெடல் பஞ்சுபோல அமுங்கும். கலிப்பரைக் கழற்றி, இடையில் மரக்கட்டை வைத்து, நிப்பிள் மேலே வரும்படி பிடித்துக் காற்றெடுத்தபோது பெடல் உடனே இறுகியது. பெடல் அமுக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் குறையில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இனித் தண்ணீர். இயந்திரம் பின்னால், றேடியேற்றர் முன்னால், நடுவே நீளமான அலுமினியக் குழாய்கள். அவற்றின் நுனியில் ஹோஸைப் பிடித்து நிறுத்தும் மேடு இல்லை. வெட்டிய வெறும் குழாய். றேடியேற்றர் மூடியில் 0.9 பார் என்று இருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது ஒரு சொட்டும் வராது. சூடேறி அழுத்தம் கூடியதும் ஹோஸ் கிளிப்போடு சேர்ந்து வழுக்குகிறது. இரணைமடுப் பக்கம் கிறவல் பாதையில் அது கழன்று முழுத் தண்ணீரும் கொட்டியபோது, வெப்பமானி முள் ஏறாமல் இறங்கியது. தண்ணீர் தொடாத சென்சர் வேறு எதைக் காட்டும்? நீராவியைக் கண்டு நிறுத்தியிருக்காவிட்டால் இயந்திரமே போயிருக்கும். தண்ணீர் ஊற்றும் மேல் தாங்கியைப் பூட்டும் பிடியும் இயந்திரத்தின் உச்சியைவிடத் தாழ்வாக ஒட்டப்பட்டிருக்கிறது. காற்று வெளியேற வழியே இல்லை.

கிணற்றுத் தண்ணீர்ப் பேச்சுக்கும் பதில் சொல்லவேண்டும். எங்கள் பகுதிக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினம், கேத்தலில் வெள்ளை படியும். இது எங்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் உங்கள் கைநூல் சொன்ன கூலன்ரையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினேன். பற்றுச்சீட்டுப் பிரதி இணைப்பில் உண்டு. உப்புப் படிவு காலம் எடுத்து றேடியேற்றரை அடைக்குமே தவிர, ஹோஸைக் கழற்றாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மண் இது, ஐயா. எங்களுக்குக் கிளிப் இறுக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குழாய் நுனிகளில் வளையம் ஒட்டுவித்த பின் அந்த ஒழுக்கு நின்றுவிட்டது. பிறேக்கில் ஒட்டுவேலை செய்ய நான் தயாரில்லை. வண்டி கொட்டிலில் நிற்கிறது.

வலப்பக்கக் கலிப்பர், ஒரே அளவு மரை கொண்ட இணைப்புகளும் புதிய குழாய்களும், சரியான உயரத்தில் தாங்கிப் பிடி ஆகியவற்றை உங்கள் செலவில் அனுப்புங்கள். லேத் கூலியையும் வீணான ஒயிலின் விலையையும் திருப்பித் தாருங்கள். இதே தொகுதியை வாங்கிய மற்றவர்களுக்கும், மரையைச் சரிபார்க்காமல் ஓட்டவேண்டாம் என்று உடனே அறிவியுங்கள். இதை மட்டும் என் கணக்குத் தீரும்வரை தள்ளிவைக்க வேண்டாம். இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன். கழற்றிய பாகங்களைப் பெயர் எழுதிக் கட்டி வைத்திருக்கிறேன். உங்கள் தொழில்நுட்பவியலாளர் வருவதானால் மரை அளக்கும் தகட்டையும் கொண்டு வரட்டும்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்,
கிளிநொச்சி மாவட்டம்.