காது மந்தமானவரிடம் கத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை வைத்தியசாலை விடுதிகளில் காது மந்தமான முதியவர்களிடம் கத்திப் பேசும் பழக்கம் மாறவேண்டும். முதுமையில் முதலில் மங்குவது உயர் மீடிறன் (கீச்சென்ற) ஒலிகள். கத்தினால் உயிரொலிதான் பெருகும். 'ச' போன்ற உயர் மீடிறன் ஒலிகள் தெளியாது, உதட்டசைவும் கோணலாகும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி 3 முதல் 6 அடிக்குள் நின்று பேசுங்கள். விளங்காவிட்டால் சொல்லை மாற்றிச் சொல்லுங்கள்.

காது கேட்கும் கருவி கூவுகிறதா? பெரும்பாலும் காதுக்குள் வைக்கும் அச்சு சரியாகப் பொருந்தவில்லை, அல்லது காதில் குறும்பி அடைத்திருக்கும். கருவிக்குப் போடும் சிங்க்-எயர் பற்றரியின் ஒட்டியை உரித்து ஓரிரு நிமிடம் காற்றுப்பட விட்டே போடவேண்டும். தலையணைக்கடியில் வைத்த கருவி விரிப்போடு சலவைக்குப் போய்விடும் (விலையை நினைத்துப் பாருங்கள்!), பெயரெழுதிய டப்பா போதும்.

சைகை மொழி பேசுபவருக்குச் சேலைன் ஊசியை அவர் அதிகம் பயன்படுத்தாத கையில் ஏற்றுங்கள். இரு கையையும் கட்டிப்போட்டால் வலியைக்கூடச் சொல்லமுடியாது.

தாதியர் சிலர்,
மட்டக்களப்பு.