‘நம்ம பையன்’ என்னும் சலுகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், அமெரிக்கத் தென்மாநிலங்களில் ‘குட் ஓல்ட் பாய்’ என்று செல்லமாக அழைக்கப்படும் மனிதரைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். படித்தவன் என்ற பகட்டு இல்லாமல், எல்லோரிடமும் சிரித்துப் பேசி, நண்பனுக்கு ஒன்று என்றால் பாதி ராத்திரியிலும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவரும் நாட்டுப்புறத்து வெள்ளைக்கார ஆணைக் கட்டுரையாளர் பாசத்தோடு சித்திரித்திருந்தார். ஆனால் அந்த மனிதரின் மறுபக்கத்தைத் தொடாமலேயே கட்டுரை முடிந்துவிட்டது. பள்ளியில் நெடுங்காலம் வரலாறு கற்பித்தவள் என்ற முறையிலும், அதே மனிதரை வேலூர், குடியாத்தம், ஆற்காடு வட்டாரத்தில் அன்றாடம் காண்பவள் என்ற முறையிலும் அந்த மறுபக்கத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

இந்தப் பாத்திரத்தை உலகம் முழுவதும் கொண்டுசேர்த்ததில், அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1979 முதல் 1985 வரை ஒளிபரப்பான ‘தி ட்யூக்ஸ் ஆஃப் ஹஸார்ட்’ தொடருக்குப் பெரும் பங்கு உண்டு. ஜார்ஜியா மாநிலத்தின் கற்பனை ஊர் ஒன்றில், கள்ளச்சாராயம் கடத்திப் பிடிபட்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கும் இரண்டு இளைஞர்கள்தான் நாயகர்கள். அவர்களைத் துரத்தும் ஊர் அதிகாரி ஊழல்காரர். அவருக்கு ஏவல் செய்யும் ஷெரீபோ, அதாவது வட்டாரக் காவல் தலைவரோ, அவருடைய மைத்துனர். பார்ப்பவர்களின் பாசம் முழுவதும் இளைஞர்களுக்கே போகிறது. ஆனால் துரத்துபவர்களும் துரத்தப்படுபவர்களும் ஒரே வார்ப்பில் பிறந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டத்தைவிட அறிமுகத்தை நம்பும் ஊரில், வேகமாகக் காரோட்டும் பிள்ளைக்குக் கிடைக்கும் மன்னிப்பும் மைத்துனரை ஷெரீபாக வைத்துக்கொள்ளும் அதிகாரியின் துணிச்சலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. ‘மாமன் மச்சான் வேலை’ என்று நம் ஊரில் முகம் சுளித்துச் சொல்வோமே, அதைத்தான் அங்கே வேடிக்கையாகக் காட்டினார்கள்.

அந்த நாயகர்களின் ஆரஞ்சு நிறக் காரின் கூரையில், அடிமை முறையைக் காப்பதற்காக 1860–61இல் பிரிந்துபோன தென்மாநிலங்களின் போர்க்கொடி பெரிதாகத் தீட்டப்பட்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் கோடிக்கணக்கான வீடுகளில் அது வெறும் அலங்காரமாகவே பார்க்கப்பட்டது. 2015 ஜூன் மாதம் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயம் ஒன்றில் கருப்பினத்தவர் ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக்கொன்ற பிறகுதான், தொடரின் மறுஒளிபரப்பை ‘டிவி லேண்ட்’ அலைவரிசை நிறுத்தியது. அந்தக் கொடியின் பொருள் அன்றுதான் புதிதாக முளைத்ததா? கருப்பினத்தவருக்கு அது என்றும் தெரிந்தேதான் இருந்தது. அவர்களைக் கேட்க வேண்டும் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

கட்டுரையாளர் ஒதுக்கிவிட்ட வரலாற்றில் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 1955 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுக் கருப்பினச் சிறுவன், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டான் என்ற குற்றச்சாட்டின் பேரில் இரவில் வீடு புகுந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். குற்றம் சாட்டப்பட்ட இருவரையும், பன்னிரண்டு பேரும் வெள்ளைக்கார ஆண்களாகவே இருந்த நடுவர் குழு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விடுதலை செய்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் ‘லுக்’ பத்திரிகைக்கு அளித்த பேட்டியில் இருவரும் கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒருமுறை விடுவிக்கப்பட்டவரை அதே குற்றத்துக்காக மீண்டும் விசாரிக்க முடியாது என்பதால் அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரும் தத்தம் ஊரில் நல்ல தகப்பன்மாராக, நல்ல அண்டை வீட்டுக்காரர்களாக இருந்திருக்கக்கூடும். அதை நான் மறுக்கவில்லை. தங்கள் வட்டத்துக்குள் இருப்பவனுக்கு அவர்கள் காட்டிய அந்த நல்லதனம், வட்டத்துக்கு வெளியே மகனைப் பறிகொடுத்து நின்ற ஒரு தாய்க்கு நீதி இல்லாமல் செய்தது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நம் திரைப்படங்களில் பல பத்தாண்டுகளாக நடமாடும் நாயகன் அந்தக் ‘குட் ஓல்ட் பாய்’க்குச் சற்றும் அந்நியன் அல்லன். வேலை வெட்டி இருக்காது. நண்பர்களோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். படித்த பெண்ணைப் பின்தொடர்ந்து கேலி செய்வான். கோபம் வந்தால் அடிப்பான். ஆனால் ‘மனசு தங்கம்’ என்று அவனுடைய அம்மாவோ நண்பனோ கடைசியில் ஒரு வசனம் பேசிவிடுவார்கள். அந்த ஒரு வசனத்தில் அதுவரை செய்த அத்தனையும் கழுவப்பட்டுவிடுகிறது. திரையரங்கை விட்டு வெளியே வரும் நாம் அந்த வசனத்தை ஊருக்குள் கொண்டுவந்து, ‘நம்ம பையன்தான்’, ‘ரொம்ப நல்ல மனுஷம்பா’ என்று கண்டவருக்கெல்லாம் சான்றிதழாக வழங்கிக்கொண்டிருக்கிறோம்.

சென்ற ஆண்டு வாரிசுச் சான்றிதழ் தொடர்பாக ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் முற்பகல் முழுவதும் நான் காத்திருக்க நேர்ந்தது. எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி, தமக்கு வந்துகொண்டிருந்த விதவை உதவித்தொகை திடீரென்று நின்றுபோனது ஏன் என்று கேட்க வந்திருந்தார். மஞ்சள் பைக்குள் ஒரு பாலித்தீன் உறை. அதற்குள் ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், கணவரின் இறப்புச் சான்றிதழ். வரிசை நகரவே இல்லை. அப்போது வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர், “இன்னா சார், சாப்டாச்சா?” என்று கேட்டபடி பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே சென்று, எழுத்தரின் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேச்சும் சிரிப்புமாக அவருடைய பட்டா உட்பிரிவு வேலை முடிந்தது. வெளியே வரும்போது மூதாட்டியைக் கண்டவர், “இன்னா ஆயா, எதுக்கு நிக்கிற? குடு” என்று காகிதங்களை வாங்கிக்கொண்டு திரும்பவும் உள்ளே போனார். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு விட்டுப்போயிருந்ததுதான் காரணம் என்று கேட்டு வந்து சொல்லி, எந்த வங்கிக் கிளைக்குப் போக வேண்டும் என்பதையும் விளக்கினார். “நல்லா இருப்பா நைனா” என்று அந்த அம்மா கண் கலங்கி வாழ்த்தினார். வரிசையில் நின்ற எல்லோரும் அவரை நன்றியோடு பார்த்தார்கள்.

அவர் நல்லவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. கேட்காமலே உதவினார், ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஆனால் நடந்ததை எண்ணிப் பாருங்கள். சில நிமிடங்களில் சொல்லக்கூடிய ஒரு பதிலை, சம்பளம் வாங்கும் அலுவலர் வரிசையில் நின்ற குடிமகளுக்குச் சொல்லவில்லை. அறிமுகமான ஒருவர் கேட்டதும் சொன்னார். அந்த அம்மாவுக்கு உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டியது ஒருவருடைய தயவாகக் கைக்கு வந்தது. அந்த வெள்ளைச் சட்டைக்காரரின் பட்டா வேலைக்காக எங்கள் அனைவருடைய நேரமும் செலவானது என்பதை அந்த நன்றியில் எல்லோரும் மறந்துவிட்டோம். இப்படிச் சேரும் நன்றி பிறகு தேர்தலில் வாக்காகவும், ஊர்ச் சண்டையில் சாட்சியாகவும், பஞ்சாயத்தில் முன்வரிசை நாற்காலியாகவும் அவரிடமே திரும்பி வருகிறது.

அந்தப் பக்கவாட்டுக் கதவு யாருக்குத் திறக்கும்? ஒரு பெண் அப்படி உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சிரித்துப் பேசினால் ஊர் அவளை என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியும். ஊருக்கு வெளியே குடியிருக்கும் தலித் குடும்பத்துப் பிள்ளை எவ்வளவு இனிமையாகப் பழகினாலும் பல கிராமங்களில் ‘நம்ம பையன்’ ஆகிவிடுவதில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் பாடுபடும் வடமாநிலத் தொழிலாளிக்கு முகவரிச் சான்று வேண்டுமென்றால் அவர் யாரிடம் போய்ச் ‘சாப்டாச்சா’ என்று கேட்பார்? வட ஆற்காடு என்று ஒன்றாக இருந்த நிலப்பரப்பிலிருந்து 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. ஆட்சியர் அலுவலகம் மக்களுக்குப் பக்கத்தில் வந்தது உண்மையிலேயே பெரிய நன்மை. இ-சேவை மையங்களும் வந்துவிட்டன. இருந்தும் ‘உள்ளே யாரையாவது தெரியுமா?’ என்ற கேள்வி மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

அறிமுகத்தின் இந்த ஆட்சியை முறிப்பதற்கு உலகம் முழுவதும் பாடுபட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் வேண்டியவர்களுக்கே அரசுப் பதவி என்ற வழக்கத்துக்கு எதிராக, 1854இல் நார்த்கோட் – டிரெவல்யன் அறிக்கை போட்டித் தேர்வைப் பரிந்துரைத்தது. அமெரிக்காவில், கட்சிக்கு உழைத்ததாகச் சொல்லித் தூதரகப் பதவி எதிர்பார்த்து ஏமாந்த ஒருவன் 1881இல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட்டான். அதன் அதிர்ச்சியில்தான் 1883இல் பெண்டில்டன் சட்டம் வந்தது. இங்கே நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல், அரசு வேலைகளைப் பல்வேறு சமூகத்தாருக்கும் பகிர்ந்தளிக்கும் வகுப்புவாரி அரசாணை பிறந்தது. 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, இந்திய மாகாணங்களிலேயே முதன்முறையாகச் சென்னை மாகாணத்தில் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. யாரையும் தெரியாத வீட்டுப் பிள்ளைகள் அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தது இப்படித்தான். அப்படி நுழைந்தவர்களே பிறகு தெரிந்தவருக்கு மட்டும் கதவு திறப்பது எனக்குப் பெரும் வேதனையைத் தருகிறது.

இதைவிடக் கொடியது, தவறு செய்தவனுக்கு ‘நம்ம பையன்’ என்ற பெயர் கேடயமாவது. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியை ஓர் இளைஞன் பைக்கில் நாள்தோறும் பின்தொடர்ந்தான். பெற்றோர் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னதும், ஊர்ப் பெரியவர்கள் சிலர் பள்ளிக்கே வந்து, “டீச்சர், நம்ம பையன்தான். திருவிழான்னா ராத்திரி பகலா ஒழைப்பான். தெரியாம பண்ணிட்டான், உட்ருங்க” என்றார்கள். அந்தப் பெண்ணும் நல்ல பெண்தான். கணக்கில் வகுப்பில் முதலாவதாக வந்தவள். அதை யாரும் பேசவில்லை. பொதுத்தேர்வு முடிந்ததும் அவளுடைய படிப்பை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இளைஞனோ அடுத்த ஆண்டும் திருவிழாவில் கரகத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டு போனான். குடித்துவிட்டு மனைவியை அடிப்பவரைப் பற்றியும், ‘கை நீட்டுவாரே தவிர மத்தபடி சொக்கத் தங்கம்’ என்று அடிவாங்கியவளின் காதுபடவே பேசுகிறோம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. ஆனாலும் ‘நல்ல மனுஷன்’ என்ற சொல்லைத் தாண்டிக் காவல் நிலையம் வரை போகும் பெண்கள் மிகச் சிலரே.

பள்ளிப் பிள்ளைகளின் கையில் சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளைக் கண்டபோதெல்லாம் அந்த ஆரஞ்சுக் காரின் கூரைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. கட்டியவனுக்கு அது தோழமையின் அடையாளம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதன் பொருள் வேறு. பள்ளிகளில் சாதி மோதல்களைத் தடுக்க வழி சொல்லத் தமிழக அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் இவ்வகைக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. ‘பசங்க விளையாட்டா கட்றாங்க’ என்று அதைத் தட்டிக்கழிக்கும் பெரியவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். பெண்கள் மீதான குற்றங்களைப் பற்றிய செய்திகளில், குற்றம் சாட்டப்பட்டவர் ‘எல்லோரிடமும் அன்பாகப் பழகுபவர் என்று அக்கம்பக்கத்தினர் தெரிவித்தனர்’ என்னும் வரியைத் தங்கள் நிருபர்கள் தவிர்க்க வேண்டும். அந்த வரி பாதிக்கப்பட்டவரின் சொல்லைச் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது. இரண்டாவதாக, சத்துவாச்சாரியில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தைப் பற்றி, எத்தனை மனுக்கள் பெறப்பட்டன என்ற எண்ணிக்கையோடு செய்தியை முடித்துவிடாமல், சென்ற மாதம் பெறப்பட்ட மனுக்களில் எத்தனைக்குத் தீர்வு கிடைத்தது, எவை எந்த அலுவலகத்தில் எத்தனை நாளாகக் கிடக்கின்றன என்பதைக் கேட்டு வாங்கி, மாதம் ஒருமுறையாவது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கங்களில் வெளியிட வேண்டும். அலுவலர்கள் தாமாகத் தர மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துப் பெறலாம். அந்த விண்ணப்பங்களை எழுதித் தருவதற்கு என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.