ஆஸ்பத்திரியில் ‘தானா விழுந்துட்டேன்’ என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். என்ன பேசக்கூடாது என்பது பற்றி அதிகம் வருவதில்லை. விபத்து நடந்த முதல் இரண்டு மணி நேரத்தில் பயத்திலும் பதற்றத்திலும் வாயில் வந்த ஒரு வார்த்தை மூன்று இடங்களில் காகிதம் ஏறுகிறது: ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு, காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம் படிவம். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்கு வரும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் புரட்டிப் பார்ப்பது இந்த மூன்றையும்தான். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாத இடத்தில்தான் குறுக்கு விசாரணை ஆரம்பிக்கும்.

ஆஸ்பத்திரியில் இருந்து தொடங்குகிறேன். அதிக நஷ்டம் அங்கேதான் நடக்கிறது. ஒரு கார் இடித்துவிட்டுப் போய்விட்டது, பைக்கில் வந்தவருக்குக் கால் முறிவு. அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் “என்னாச்சு?” என்று கேட்கிறார். உடன் வந்தவர், “வண்டி சறுக்கி விழுந்துட்டாரு சார்” என்கிறார். போலீஸ் கேஸ் என்றால் அட்மிஷன் போட மாட்டார்கள், அலைய வேண்டியிருக்கும் என்ற பயம். ஏ.ஆர். என்று சொல்லப்படும் விபத்துப் பதிவேட்டில் டாக்டர் “ஸ்கிட் அண்ட் ஃபால்” என்று மூன்றே வார்த்தை எழுதிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுகிறார். பத்து நாள் கழித்து காரின் நம்பரோடு புகார் கொடுக்கும்போது, “முதல் நாள் தானாக விழுந்ததாகச் சொல்லிவிட்டு, பிறகு பணத்துக்காக ஒரு வண்டியைச் சேர்த்திருக்கிறார்” என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதாடும். டாக்டர் நேரில் பார்த்த சாட்சி இல்லை, அவர் எழுதியதே முடிந்த முடிவும் இல்லை. ஆனாலும் அந்த மூன்று வார்த்தையை உடைக்கக் கண்ணால் பார்த்த சாட்சியைத் தேடிக் கொண்டுவர வேண்டும். அவர் கிடைக்காமல் தள்ளுபடியாகும் மனுக்கள் உண்டு.

அந்தப் பயமே தேவையற்றது. உயிருக்குப் போராடுபவருக்கு முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறை பிறகு என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134-உம், நடைமுறைகளுக்காகக் காத்திராமல் உடனே சிகிச்சை தருவது டாக்டரின் கடமை என்கிறது. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் தமிழக அரசு இலவசமாகத் தருகிறது. அடிபட்டவரைத் தூக்கி வந்து சேர்த்தவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம்கூடக் கிடையாது. பிரிவு 134ஏ அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பொய் சொல்லி அட்மிஷன் வாங்க வேண்டிய நிலை யாருக்கும் இல்லை.

இடித்த வண்டியின் நம்பர் தெரியாவிட்டால் “நம்பர் தெரியாத கார் இடிச்சிட்டுப் போயிடுச்சு” என்றே சொல்லுங்கள். இடித்துவிட்டுத் தப்பிய வாகனங்களுக்கென்று பிரிவு 161-இல் தனி இழப்பீடு இருக்கிறது: இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். ‘தானா விழுந்தது’ என்று பதிவானால் அந்த வாசலும் அடைபட்டுவிடும்.

உடன் வருபவர் பார்க்காததைச் சொல்லக் கூடாது. கேட்டால், “நான் நேரில் பார்க்கலை, அவரே சொல்லுவார்” என்றால் போதும். அடிபட்டவர் மயக்கத்தில் இருந்தால் நான்கே விவரம் சொல்லலாம்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், ஓட்டினாரா பின்னால் உட்கார்ந்திருந்தாரா, எது மோதியது. அவற்றிலும் தெரிந்ததை மட்டும். மூன்றாவது விவரத்தைப் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். பின்னால் இருந்தவரை ‘ஓட்டி வந்தவர்’ என்று பதிய விட்டால், தன்னை ஏற்றி வந்த வண்டியின் பாலிசியில் அவர் கேட்கக்கூடிய இழப்பீடே கேள்விக்குள்ளாகும். தன் வண்டியைத் தானே ஓட்டி விழுந்தவருக்கு அந்தப் பாலிசியில் இருப்பது 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டுமே. அதுவும் மரணம், கை கால் கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம் போன்றவற்றுக்குத்தான். சாதாரண எலும்பு முறிவுக்குக் கிடைக்காது.

பதிவு தப்பாகிவிட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே அதே டாக்டரிடம் சொல்லித் திருத்தி, திருத்திய இடத்தில் கையெழுத்து வாங்குங்கள். அவர் மறுத்தால் ஆஸ்பத்திரி நிலைய மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். காவல் நிலையப் புகாரிலும் இந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்று ஒரு வரி இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து இதையெல்லாம் செய்தால், யோசித்துச் செய்த ஜோடிப்பாகத்தான் பார்ப்பார்கள்.

அடுத்தது, அடிபட்டவர்கள் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டே சொல்லும் வார்த்தை: “எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க போங்க.” இதைச் சொல்ல வைப்பது நம் ஊர்ப் பெருந்தன்மை. ஆனால் உடம்பு அவ்வளவு சீக்கிரம் கணக்குச் சொல்வதில்லை. மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவில் ரத்தம் கசிந்தால் முதலில் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார், சில மணி நேரத்தில் நினைவு தப்பும். மண்ணீரலில் கீறல் விழுந்திருந்தால் வயிற்றுவலி தாமதமாகத்தான் எழும். கழுத்து வலி மறுநாள் காலையில் தெரியும். “இப்ப தெரியல, டாக்டர் பார்க்கட்டும்” என்பதே சரியான பதில். மூன்று நாள் கழித்துப் போனால் அந்தக் காயம் இந்த விபத்தில் வந்ததுதான் என்று நிரூபிக்கும் பாரமும் சேர்ந்துகொள்ளும்.

இனி வண்டி ஓட்டியவர் பக்கம். “சத்தியமா நான் அவரைப் பார்க்கவே இல்ல சார்.” இதை ஒரு தற்காப்பாக நினைத்துத்தான் எல்லா டிரைவர்களும் சொல்கிறார்கள். கேட்பவர் காதில் ‘ரோட்டைப் பார்க்காமல் ஓட்டினேன்’ என்று விழுகிறது. முன்னால் பார்த்து ஓட்டுவதுதான் ஓட்டுநரின் முதல் கடமை என்பதால், அஜாக்கிரதைக்கு இதைவிடச் சுருக்கமான ஒப்புதல் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் அதே விஷயம் வேறாகத் தெரியும்: “இடதுபக்கம் நின்ன பஸ்ஸுக்கு முன்னால இருந்து வந்தார். பிரேக் அடிச்சேன், வண்டி நிக்கிறதுக்குள்ள பட்டுடுச்சு.” எங்கிருந்து வந்தார், எப்போது கண்ணில் பட்டார், என்ன செய்தீர்கள் – இவ்வளவுதான். யார்மீது தப்பு என்பது தீர்ப்பாயத்தின் வேலை.

“என் தப்புதான், எவ்வளவு செலவானாலும் நான் பாத்துக்கறேன்” என்பது மனிதாபிமானத்தில் வரும் பேச்சு. கூட்டத்தில் ஒருவர் செல்போனில் பிடித்துக்கொண்டிருப்பார். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலைக் கிரிமினல் வழக்கில் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்கிறது சாட்சியச் சட்டம். ரோட்டில் பொதுமக்களிடம் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கார் பாலிசியின் பின்பக்க நிபந்தனைகளிலும் ஒரு வரி இருக்கிறது: கம்பெனியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் காப்பீடு செய்தவரோ அவர் சார்பில் யாருமோ எதையும் ஒப்புக்கொள்ளவோ, வாக்குக் கொடுக்கவோ, பணம் தரவோ கூடாது. அதை மீறினால் அடிபட்டவரின் உரிமை போகாது, உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையே தகராறு கிளம்பும். அதற்காகக் கல்லாக நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. “அடி எங்க பட்டிருக்கு? அசையாதீங்க, 108-க்குச் சொல்லிட்டேன்” என்று சொல்லுங்கள். அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்வது சட்டமே விதித்திருக்கும் கடமை. அதை யாரும் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது.

கூட்டம் கைவைக்கும் நிலை வந்தால் அங்கேயே நின்று வாதாட வேண்டியதில்லை. அந்தச் சூழ்நிலைக்குப் பிரிவு 134 விலக்குத் தருகிறது. நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய்த் தகவல் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. “நான் யார் தெரியுமா” என்று ஆரம்பித்துக் கெட்ட வார்த்தையில் முடித்தால், விபத்துப் பிரிவுகளோடு ஆபாசமாகத் திட்டிய பிரிவும் சேரும்.

“பிரேக் பிடிக்கல” என்ற சாக்கையும் விட்டுவிடுங்கள். வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், ஓட்டிப் பார்த்து அறிக்கை தருவார். ‘இயந்திரக் கோளாறால் விபத்து ஏற்படவில்லை’ என்று அவர் எழுதினால் உங்கள் பேச்சு பொய்யாகிவிடும். பிரேக் உண்மையிலேயே போயிருந்தால், பராமரிக்காத வண்டியை ரோட்டில் விட்டதற்கு உரிமையாளர் பதில் சொல்ல வேண்டும். ஆய்வாளர் பார்த்து முடிக்கும்வரை வண்டியை மெக்கானிக்கிடம் விடவும் கூடாது. “60-ல்தான் வந்தேன்” என்று குத்துமதிப்பாக எண் சொல்வதும் அப்படித்தான். தரையில் டயர் தடமும் எதிர்க் கடையில் சிசிடிவியும் இருக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது ஆள் மாற்றிச் சொல்வது. லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டினான், அப்பா “நான்தான் ஓட்டினேன்” என்கிறார். நம் ஊர்க் காரில் ஓட்டுபவருக்கு சீட் பெல்ட் வலது தோளில் இருந்து இறங்குகிறது, பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு இடது தோளில் இருந்து. மோதலில் பெல்ட் அழுத்திய கன்றிப்போன தடம் எந்தத் தோளில் இருக்கிறது என்பதை டாக்டர் காயச் சான்றிதழில் எழுதியிருப்பார். சுங்கச்சாவடி கேமராவில் ஓட்டியவர் முகமே இருக்கலாம். சிறுவன் ஓட்டியதற்குப் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் பிரிவு 199ஏ-இல் உண்டு. அது போதாதென்று பொய்ச் சாட்சியமும் சேரும். உண்மையைச் சொன்னால் அடிபட்டவருக்குப் பணம் வராது என்ற நினைப்பும் தவறு. இப்படிப்பட்ட வழக்குகளில், கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுகின்றன.

காவல் நிலையத்தில் புகாரை ரைட்டர்தான் எழுதுவார். ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற வாசகம் வழக்கம்போல் வந்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய வரி: நீங்கள் வடக்கிலிருந்து தெற்காகப் போனீர்களா தெற்கிலிருந்து வடக்காகவா, ரோட்டின் எந்தப் பக்கம், மோதியது முன்னாலா பின்னாலா. திசை மாறிவிட்டால் போலீஸ் வரையும் மாதிரி வரைபடத்தில் நீங்கள் தவறான பக்கம் வந்தவராகிவிடுவீர்கள். படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து. வெறும் தாளில் கையெழுத்தோ, ‘மேல்நடவடிக்கை எதுவும் தேவையில்லை’ என்ற கடிதமோ சிகிச்சை முடியாத நிலையில் தரவே கூடாது. இழப்பீட்டு மனுவுக்கு விபத்து நாளில் இருந்து 6 மாதம் என்று பிரிவு 166(3) கெடு வைத்திருப்பதால், பேசித் தீர்க்கலாம் என்று இழுத்தடிப்பவரின் கையில் காலம் போய்விடும்.

டிரைவர்களுக்கு ஒன்று. “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு, முடிஞ்சுது” என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். மாஜிஸ்திரேட் முன் குற்றத்தை ஒப்புக்கொண்ட உத்தரவின் நகல் தீர்ப்பாயத்தில் சான்றாவணமாக வரும். அஜாக்கிரதையை நிரூபிக்க அதற்கு மேல் எதிர்த்தரப்பு பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை.

கடைசியாக மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். விபத்துப் பதிவேட்டில் எழுதும் அந்த ஒரு வரியை, கையெழுத்து வாங்குவதற்கு முன் நோயாளிக்கோ உடன் வந்தவருக்கோ தமிழில் ஒருமுறை வாசித்துக் காட்ட உத்தரவிடுங்கள். அரை நிமிட வேலை. ‘சறுக்கி விழுந்தார் என்று எழுதியிருக்கிறேன், சரிதானே?’ என்று டாக்டர் கேட்டாலே, “இல்ல சார், கார் இடிச்சது” என்று பலர் அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்,
திருச்சிராப்பள்ளி.