கொல்லைக் கிணற்றை மீட்டுத் தந்தவர்களுக்கு

மேலத்தெரு உறவுகளுக்கும், வெளியூரிலிருந்து வந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

குத்தாலம் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டுக் கொல்லையில் மண்ணுக்கடியில் போயிருந்த கிணறு இப்போது நன்றாக இருக்கிறது. தண்ணீரும் தெளிந்துவிட்டது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்லத்தான் ஆசை. லீவு முடிந்து ஆளுக்கொரு ஊராகக் கிளம்பிவிட்டதால் இந்த மடல்.

முதல் நன்றி எதிர்வீட்டு அத்தைக்கு. தாத்தா காலத்துப் பத்திரத்தில் நான்கு எல்லையும் எழுதி, மனைக்குள் அடங்கிய தென்னை, மா, கிணறு என்று ஒரு வரி இருந்தது. எந்த மூலை என்று இல்லை. துவைகல் கிடக்கும் இடத்தில்தானே கிணற்றடி இருக்கும் என்று அதைச் சுற்றியே கடப்பாரையால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தை வந்து, "கல்லை நம்பாதீங்க, கக்கூஸ் கட்டினப்பவே அதைப் பொரட்டி இங்க தள்ளிட்டாங்க" என்றார். அப்புறம் வாழைகளுக்கு நடுவே போய் நின்று அடுப்படிச் சன்னலைப் பார்த்தார். இரண்டடி நகர்ந்து மறுபடி பார்த்தார். "இங்கதான். கயித்தை இழுத்துக்கிட்டே உங்க அப்பாயிகிட்ட பேசுவேன். இங்க நின்னாத்தான் அவங்க மொகம் தெரியும்." அவர் காட்டிய இடத்தில் முழங்கை ஆழத்திலேயே கடப்பாரை கருங்கல் பலகையில் பட்டு ணங்கென்றது. பூமிக்கடியில் பார்க்கும் கருவி வாடகைக்குக் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்த தம்பி போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டான்.

அடுத்து, கிணற்றுக்குள் உறை (சுவருக்கான வளையம்) இறக்கும் அண்ணன். முதல் நாள் அவர் இறங்க மாட்டேன் என்று சொன்னாரே, அதற்குத்தான் பெரிய நன்றி. பலகையை நகர்த்தியதும் ஏணி கொண்டா, கயிறு கொண்டா என்று ஒரே பரபரப்பு. அவர் அசரவில்லை. ஒரு அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார்; பாதியிலேயே அணைந்தது. மூடிக் கிடந்த கிணற்றில் இலைதழை மக்கி ஆக்சிஜனைத் தின்றுவிடும், கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானதால் அடியிலேயே தங்கிவிடும். விளக்கு எரிந்தாலும் நம்பக்கூடாது என்றார். ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் விளக்கு எரியும், ஆள் விழுந்துவிடுவான். ஒருவரைத் தூக்க இன்னொருவர் இறங்கி இருவருமே போன செய்திகளை நாமும் பேப்பரில் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

மறுநாள் ப்ளோவர் வைத்துக் காற்றடித்து, மீட்டரில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் என்று காட்டிய பிறகுதான் இறங்கினார். அதுவும் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்க. அந்த மீட்டரைக் கொடுத்துவிட்டு வாடகை வாங்க மறுத்த குழாய் வேலை ஒப்பந்தக்காரருக்கும் நன்றி. டீசல் எஞ்சினைக் கிணற்றோரம் வைக்க விடாமல் தள்ளி வைக்கச் சொன்னதும் அண்ணன்தான். புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு உள்ளே இறங்கிவிடுமாம். ஒரேயடியாக இறைக்கவும் விடவில்லை. நம்முடையது ஆற்று மணல். உள்ளே தண்ணீர் சட்டென்று குறைந்தால் வெளியிலிருந்து மணல் நெருக்கி உறை சரிந்துவிடும். அதனால் கொஞ்சம் இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறைத்து என்றுதான் வேலை நடந்தது.

தூர் வாரி, சேற்றைக் கூடை கூடையாகச் சுமந்த கீழத்தெருப் பிள்ளைகளுக்கு டீயும் பரோட்டாவும் போதாது, தெரியும். சேற்றில் ஒரு பித்தளைச் சொம்பு, ரப்பர் பந்து, அப்புறம் ஒரு பாதாளக்கரண்டி. விழுந்த வாளியை எடுக்க இறக்கியதே உள்ளே விழுந்திருக்கிறது! அதை எடுக்க யாரிடம் இரவல் கேட்டிருப்பார்களோ. உரிமையாளர் யாராவது இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

மேலே சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல், அதற்குக் கீழே சுட்ட மண் உறை. கீழடியில் கிடைத்த உறைக்கிணற்றின் படம் பார்த்தவர்களுக்கு அந்த வளைய அடுக்கு தெரிந்ததாகத்தான் இருக்கும். மேலடுக்கில் உடைந்தவற்றுக்குப் பதிலாக சிமெண்ட் உறை போதும் என்று பலரும் சொன்னார்கள். மண்பாண்டம் செய்யும் பெரியவர் மட்டும் அளவெடுத்துக்கொண்டு போய், அதே விட்டத்தில் சூளை வைத்துக் கொடுத்தார். நாங்கள் அவசரப்படுத்தியபோதெல்லாம் "மண்ணு காய வேணாமா?" என்பதுதான் பதில். நெல்லிக்கட்டை போடாமல் கிணறா என்று தானே கொண்டுவந்து போட்ட தச்சு வேலை மாமாவுக்கும் நன்றி.

இந்தக் காசுக்கு இன்னொரு போர்வெல் போட்டுவிடலாம் என்று சண்டை பிடித்துவிட்டு, கடைசியில் ராட்டினமும் கயிறும் வாங்கி வந்த சித்தப்பாவை விட்டுவிடக் கூடாது.

ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் தம்பி விட்டம், ஆழம் அளந்து பிளீச்சிங் பவுடர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். வழக்கமாக 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், தூர் வாரிய கிணறு என்பதால் முதல் தடவை அதிகம் போட்டார். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி.

ஒன்று மட்டும் கவனத்துக்கு. குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவறைக் குழிக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும் என்பார்கள். எங்கள் கொல்லையில் அவ்வளவு இல்லை. ஆகவே குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். துவைக்க, செடிக்கு ஊற்ற யார் வேண்டுமானாலும் இறைத்துக்கொள்ளலாம். கம்பி மூடியின் சாவி எதிர்வீட்டு அத்தையிடம் இருக்கிறது. இறைத்து முடித்ததும் பூட்டிவிடுங்கள், பிள்ளைகள் விளையாடும் இடம். கிணற்றடி மேடைப் பூச்சு பாக்கி. பொங்கல் லீவுக்கு வரும்போது கொத்தனாரை வைத்து முடித்துவிடுகிறோம்.

அன்புடன்,
மேலத்தெரு கடைசி வீட்டார்