அக்காள் கல்யாணத்தில் தம்பியும் இருந்தான்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள உறவுகளுக்கும் ஊராருக்கும்,

கடந்த ஆவணியில் எங்கள் மூத்த மகளின் கல்யாணம் நாகர்கோவிலில் நல்லபடியாக நடந்தது. வந்து வாழ்த்தியவர்களுக்கு அன்றே கைகூப்பி நன்றி சொல்லிவிட்டோம். இந்த மடல் வேறொன்றுக்காக. அவள் தம்பி, ஆட்டிசம் உள்ள எங்கள் மகன், காலையில் மண்டபத்துக்குள் வந்ததிலிருந்து சாப்பாடு முடியும்வரை எங்களோடு இருந்தான். தாலிகட்டும்போது அக்காளுக்குப் பின்னால் நின்றான். பதினாறு வயதில் அவன் முழுதாக இருந்து பார்த்த முதல் கல்யாணம் இது. இத்தனை வருடமும் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் நானோ அவன் அப்பாவோ, யாராவது ஒருவர் அவனோடு வீட்டில் இருந்துவிடுவோம். இந்தமுறை அப்படி ஆகாமல் பார்த்துக்கொண்டவர்கள் பலர்.

முதல் நன்றி தவில் அண்ணனுக்கு. என் மகனுக்குச் சத்தம் நமக்குக் கேட்பதுபோல் கேட்பதில்லை. குக்கர் விசிலும் மிக்சியும் அவனுக்கு வலியாகவே இருக்கும். அதிலும் எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் பெரிய பாடு. கெட்டிமேளம் அப்படிப்பட்டது. இதைச் சொல்லப் போனபோது, மேளமே வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறோம் என நினைத்து அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. முழுதும் கேட்டபிறகு, "மக்களே, நான் குச்சியத் தூக்கிக் காட்டுதேன். அவன் காத அடைச்சுக்கிடட்டு. பெறவுதான் அடிப்பேன்" என்றார். சொன்னதோடு விடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் தவிலோடு வீட்டுக்கே வந்தார். வாசல் திண்ணையில் உட்கார்ந்து குச்சியைத் தூக்குவார். மகன் ஹெட்போனை மாட்டுவான். மெதுவாக ஒரு அடி. பிறகு கொஞ்சம் பலமாக. கழற்றச் சொல்லிக் கையை இறக்கிக் காட்டுவார். மகன் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, அந்தக் குச்சியின் நுனியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். முகூர்த்த நேரத்தில், அத்தனை கூட்டத்துக்கு மேலே குச்சி உயர்ந்தது. அவனாகவே ஹெட்போனை மாட்டினான், மேளம் நின்றதும் அவனாகவே கழற்றினான். அண்ணே, அந்த நேரம் நான் மகளைப் பார்ப்பதா மகனைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியை டீச்சருக்கு நாங்கள் என்றைக்கும் கடன்பட்டவர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எழுதிக்கொடுத்தது, ஆட்டிசம் போன்றவை உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிரமயா காப்பீட்டைப் பற்றிச் சொல்லித்தந்தது எல்லாம் முன்பே அவர் செய்ததுதான். வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும் அந்தத் திட்டம் நம் பக்கத்தில் இன்னும் பல வீடுகளுக்குத் தெரியாது. கல்யாணத்துக்காக டீச்சர் ஒரு படப்புத்தகம் செய்து தந்தார். ஆளில்லாத மண்டபத்தின் படம், படிக்கட்டு, மேடை, அவன் போடப்போகும் சட்டை, இலை, கடைசிப் பக்கத்தில் எங்கள் வீடு. அடுத்து என்ன என்று தெரிந்தால் அவனுக்குப் பாதிப் பயம் போய்விடும். அன்று முழுக்க அதைக் கக்கத்தில் வைத்திருந்தான். ஒவ்வொன்றும் முடிந்ததும் பக்கத்தைப் புரட்டினான்.

மண்டபத்து மேனேஜர் மேடைக்குப் பின்னாலுள்ள அறையை அவனுக்கென்றே ஒதுக்கி, சாவியை என் கையில் தந்துவிட்டார். அது தேவைப்பட்டது. மாலை மாற்றியதும் எல்லோரும் ஒரேயடியாக மேடைக்கு ஏறியபோது அவன் முன்னும் பின்னுமாக ஆட ஆரம்பித்தான், கையால் தலையில் அடித்துக்கொண்டான். இதைப் பார்ப்பவர்கள் அடம் பிடிக்கிறான் என்பார்கள். அடம் இல்லை. தாங்கமுடியாத அளவுக்கு எல்லாம் ஒன்றாக வந்து மோதும்போது உடம்பு அப்படித்தான் காட்டும். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் கூட்டத்தை விலக்கி வழிவிட்டார். யாரும் பிடித்து இழுக்கவில்லை, "என்னாச்சு மக்களே" என்று சூழ்ந்து நிற்கவில்லை. அறையில் விளக்கை அணைத்து, ஃபேனைப் போட்டு, பேசாமல் கூட இருந்தோம். சரியானதும் புத்தகத்தைத் திறந்து மேடைப் படத்தைத் தொட்டுக் காட்டினான். திரும்பவும் கூட்டிவந்தோம். தாலிகட்டு அதற்குப் பிறகுதான்.

வீடியோ எடுத்த தம்பி பெரிய லைட்டை அணைத்துவிட்டு, தள்ளி நின்றே எடுத்தார். பட்டுச்சட்டை உறுத்தும் என்றதும் அதே நிறத்தில் பழகிய பருத்தித் துணியில், காலரில் லேபிள் இல்லாமல் தைத்துத் தந்தார் டெய்லர். ஆக்குப்புரையில் சமையல்கார அண்ணாச்சி, பந்திக்கு முன்பே அவனை உட்காரவைத்து, வெறும் சோறும் பப்படமும் மட்டிப்பழமும் ஒன்றோடொன்று தொடாமல் வைத்தார். அவியலும் எரிசேரியும் அடைப்பிரதமனும் மணக்க மணக்க இருக்கும்போது, "இதத் தின்னாம எப்படி" என்று ஒருமுறைகூட வற்புறுத்தாதது ஒரு சமையல்காரருக்குப் பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

இனி சம்பந்தி வீட்டாருக்கு. பெண் பார்க்க வரும்போது மகனை வேறெங்காவது இருத்திவிடுங்கள் என்று சொன்னவர்கள் உண்டு. நாங்கள் கேட்கவில்லை. அவன் நடுக்கூடத்தில் உலாத்திக்கொண்டு, "அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி" என்று நாகர்கோவில் பஸ் கண்டக்டர் குரலிலேயே நிறுத்தங்களைச் சொல்லிக்கொண்டிருந்தான். காதில் விழுந்ததை அப்படியே திரும்பச் சொல்வது ஆட்டிசம் உள்ள பலருக்கு உண்டு. மனசு அலையும்போது இது அவனுக்குப் பிடிமானம். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பார்வதிபுரம்" என்றார். என் மகன் நின்றான். "வடசேரி" என்று முடித்தான். அன்று எனக்கு வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளையின் அத்தை மட்டும், "இது எதனால வந்தது? பிள்ளைகளுக்கும் வருமா?" என்று நேராகக் கேட்டார். கேட்டது நல்லது. முதுகுக்குப் பின்னால் பேசுவதற்கு அது எவ்வளவோ மேல். மகளே பதில் சொன்னாள்: இது நோயோ வளர்ப்புக் குறையோ இல்லை, மூளை வளரும் விதமே வேறு, மரபணுக்களுக்குப் பங்கு உண்டு, அதனால் வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், தடுப்பூசியால் வருவதில்லை, அப்படிச் சொன்ன 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட லான்செட் பத்திரிகையே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. அத்தை, "சரி மக்களே, மறைக்காமச் சொன்னியே" என்றார். கல்யாணத்தன்று அவன் கன்னத்தைக் கிள்ளவந்த ஒரு பாட்டியை நைசாக வேறு பக்கம் கூட்டிப்போனதும் அதே அத்தைதான்.

வந்திருந்த உங்கள் எல்லோருக்கும் இன்னொரு நன்றி. அவன் கைகளை உதறியபோது யாரும் வெறித்துப் பார்க்கவில்லை. செல்போனில் படம் பிடிக்கவில்லை. "பாவம்" என்ற சொல் என் காதில் விழவில்லை. "நாங்க என்ன செய்யணும்?" என்ற கேள்வி பலமுறை விழுந்தது.

அந்தப் படப்புத்தகம் வீட்டில்தான் இருக்கிறது. இப்படி ஒரு பிள்ளை உள்ள வீட்டில் கல்யாணமோ கோயில் கொடையோ வந்தால் தயங்காமல் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மண்டபப் படத்தை எடுத்துவிட்டு உங்கள் படத்தை ஒட்டிக்கொள்ளலாம். தவில் அண்ணனிடமும் கேட்டுவிட்டேன், எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் முன்கூட்டியே வந்து குச்சியைத் தூக்கிப் பழக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
தக்கலையிலிருந்து,
மணப்பெண்ணுக்கும் அவள் தம்பிக்கும் அம்மா