பழைய அளவைக் கருவிகளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

கல்லடி, மட்டக்களப்பு

அன்புடையீர்,

மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் டெக்ட்ரோனிக்ஸ் 465, 2465பி ஆகிய இரண்டு ஒசிலோஸ்கோப்புகளும் எச்.பி. 3478ஏ என்ற ஐந்தரை இலக்க மல்ரிமீற்றரும் திரும்பவும் சரியாக அளக்கின்றன. 465 வெளிவந்தது 1972இல். மற்ற இரண்டும் எண்பதுகளின் கருவிகள். செய்த கம்பனிகள் உதிரிப்பாகம் கொடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டன. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் பொதுவான சாமான்கள்தான் கிடைக்கும். மிச்சமெல்லாம் உங்கள் அலுமாரிகளிலும் மேசை லாச்சிகளிலும் கைவேலையிலும் இருந்துதான் வந்தன. பெயர் போடுவதை விரும்பாதவர்களும் உங்களில் இருப்பதால் எவர் பெயரையும் எழுதவில்லை. செய்த உதவியை மட்டும் விபரமாக எழுதுகிறோம். நாளைக்கு அக்கரைப்பற்றிலோ வாழைச்சேனையிலோ இப்படியொரு கருவியைத் திறப்பவருக்கு, இந்தப் பக்கத்தில் யாரிடம் எதைக் கேட்கலாம் என்று தெரிய வேண்டும்.

முதல் நன்றி, றேடியோ, ரி.வி. திருத்தியே தலை நரைத்த காத்தான்குடி நானாவுக்கு. கரண்ட் கொடுக்க முதல் மூடியைக் கழற்று என்பதுதான் அவர் சொல்லும் முதல் பாடம். காரணம், மின் நுழைவாயிலில் இருக்கும் ரீபா கப்பாசிற்றர்கள். உலோகம் பூசிய கடதாசியைச் சுருட்டி, மஞ்சள் நிறக் கண்ணாடி போன்ற எப்பொக்சியில் அடைத்தவை அவை. காலம் போக அந்த உறை மயிரிழையாக வெடிக்கும்; வெடிப்பு வழியாகக் கடதாசி ஈரத்தைக் குடிக்கும். ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியும் உள்ள ஊரில், மாரி முழுக்கப் பெட்டிக்குள் கிடந்த கருவிக்கு 230 வோல்ற்றைக் கொடுத்தால் புகையும் தாரும் நாற்றமும்தான் மிச்சம். 2465 வகை ஸ்கோப்பின் பவர் சப்ளைப் பகுதியில் இவை இருக்கின்றன. வெடிப்புத் தெரியாவிட்டாலும் கழற்றி எறிய வேண்டும். நானா தந்தவை 275 வோல்ற் ஏ.சி. எக்ஸ்2 வகைப் பொலிபுரொப்பிலீன் கப்பாசிற்றர்கள், கால் இடைவெளி உட்படப் பொருத்தமானவை. பூமிக்கும் மின்கம்பிக்கும் இடையில் வருவது வை (Y) என்ற பாதுகாப்பு வகையாகவே இருக்க வேண்டும். 630 வோல்ற் டி.சி. என்று எழுதிய சாதாரண கப்பாசிற்றரை அங்கே போட்டு, அது ஷோட் ஆகி, பூமி இணைப்பும் இல்லாமல் இருந்தால், கருவியின் பெட்டி முழுக்கக் கரண்ட்.

465இல் இருந்த நோய் வேறு. அதில் பவர் ரெயில்கள், அதாவது உள்ளே மின்சாரம் கொடுக்கும் வழிகள், ஐந்து: 110, 55, 15, 5 வோல்ற்றுகளும் கழித்தல் 8 வோல்ற்றும். ஒன்று விழுந்தாலும் திரை இருட்டு, அல்லது கோடு ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் காரணம் ஷோட் ஆன ஒரு துளி வடிவ டாந்தலம் கப்பாசிற்றர். ஒரே ரெயிலில் பல இருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றினால் செப்புத் தடம் உரிந்துவிடும். கருவியின் கரண்டைத் துண்டித்துவிட்டு, வெளியிலிருந்து 1 அம்பியர் எல்லை வைத்த சப்ளையை அந்த ரெயிலுக்குக் கொடுக்க வேண்டும். வோல்ற் எல்லை 0.5க்கு மேல் போகக்கூடாது. போனால் ட்ரான்சிஸ்ரர்களும் கடத்தத் தொடங்கி உங்களைக் குழப்பும். பிறகு தடம் வழியே மில்லிவோல்ற் பார்த்துக்கொண்டு போங்கள். 1 மில்லிமீற்றர் அகலமான தடத்தில் 1 அம்பியர் ஓடினால் சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 5 மில்லிவோல்ற் விழும். எந்த இடத்துக்குப் பிறகு அளவு விழாமல் நிற்கிறதோ, கரண்ட் அந்த இடத்தில்தான் பூமிக்கு இறங்குகிறது. இந்தப் பரிசோதனைக்கு ஏற்ற சப்ளையைக் கடனாகத் தந்த தொழில்நுட்ப ஆசிரியருக்கும் நன்றி.

புதிய டாந்தலத்தின் வோல்ற் அளவு ரெயிலைப்போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 15 வோல்ற் ரெயிலுக்கு 35 வோல்ற் போட்டோம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அலுமினிய மின்பகு கப்பாசிற்றரில் கோடு போட்ட கால் கழித்தல், டாந்தலத்தில் குறி போட்ட கால் கூட்டல். ஒன்றின் பழக்கத்தில் மற்றதைப் பொருத்தினால் ஸ்விற்ச் போட்டவுடன் அது எரியும். இதே ஸ்கோப்பில் பல ட்ரான்சிஸ்ரர்கள் சொக்கற்றில் நிற்கின்றன. உப்புக் காற்றில் கால்கள் கறுத்து, தொட்டால் வேலை, விட்டால் இல்லை என்று ஆட்டம் காட்டும். நிற்கும் திசையைப் படம் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, அதே சொக்கற்றில் திரும்பப் போட்டால் பாதி வருத்தம் தீரும்.

2465பியில் எங்களுக்கு இருந்த பெரிய பயம் திரையில் கோட்டை இடம் வலமாக ஓட்டும் யு800 என்ற கிடை வெளியீட்டு ஐ.சி. இலக்கம் 155-0241-02. டெக்ட்ரோனிக்ஸ் தனக்கென்று செய்தது. வேறு எந்தக் கம்பனியின் ஐ.சி.யும் அந்த இடத்துக்கு வராது. நன்றாகச் சூடாகும். பிடித்திருக்கும் ஸ்குறூ இளகினால் சூடு சுற்றுப் பலகைக்குள் (போட்) இறங்காது, ஐ.சி. செத்துவிடும். அதனால் ஸ்குறூ அசையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை, ஆனால் பலம் கொண்டு இறுக்கக்கூடாது. உடைந்தால் மாற்று இல்லை. மேலே ஒட்ட, சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீற்சிங் ஒன்று வேண்டும் என்றதும், யன்னல், கதவு அடிக்கும் அலுமினியக் கடைத் தம்பி 3 மில்லிமீற்றர் துண்டு ஒன்றை அளவுக்கு வெட்டி, விளிம்பெல்லாம் அரம் போட்டு, காசும் வாங்காமல் தந்தார். அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி: பெட்டியை மூடும்போது தட்டுமா? உயரத்தை முதலே அளந்து கொடுத்ததால் தட்டவில்லை. வெட்டிய துண்டை நன்றாகக் கழுவிய பிறகே உள்ளே கொண்டுபோக வேண்டும். ஒரு அலுமினியத் தூள் இரண்டு பின்னுக்கு நடுவில் விழுந்தால் அத்தனை பாடும் வீண்.

அதே ஸ்கோப்பின் பிந்திய வகைகளில், ஏ5 என்ற கட்டுப்பாட்டு போட்டில் மேற்பரப்பில் ஒட்டிய சிறிய மின்பகு கப்பாசிற்றர்கள் நான்கு உண்டு. இவை கசிந்து பக்கத்துத் தடங்களைத் தின்னும். பளபளப்பு இழந்து மங்கிய ஈயமும், ஈயம் உருக்கும் அயன் வைத்தவுடன் வரும் மீன் நாற்றமும் அடையாளம். ஸ்கோப் நன்றாக வேலை செய்தாலும் இவற்றை மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கல்முனையில் கைத்தொலைபேசி திருத்தும் தம்பியின் நுண்நோக்கியும் கையும் இல்லாவிட்டால் இந்த போட் தப்பியிராது. கசிவு காரத்தன்மையானது என்பதால் வெள்ளை வினாகிரியைத் தூரிகையால் தொட்டு, பிறகு தண்ணீர், பிறகு அல்ககோல் என்று கழுவினார். அரித்துப்போன தடங்களுக்கு மேலால் எனாமல் கம்பி இழுத்து, பச்சைப் பூச்சு போட்டு, நீல ஒளியில் காயவைத்தார். உருப்பெருக்கியில் பார்த்தால்தான் வேலை நடந்தது தெரியும்.

இனி மெமரி. உள்ளதில் நீளமான நன்றி இதற்குத்தான், ஏனென்றால் இங்கே போனால் திரும்பி வராதது தகவல். 2465பி சரியாக அளக்கத் தேவையான சரிப்படுத்தல் எண்கள் டி.எஸ்.1225வை என்ற 28 பின் ஐ.சி.க்குள் இருக்கின்றன. லித்தியம் செல் உள்ளேயே வார்க்கப்பட்டது. உற்பத்தியாளர் உறுதி சொன்னது பத்து ஆண்டுக்கு. முப்பது ஆண்டு கடந்தும் சில உயிரோடு இருக்கின்றன. அந்த அதிர்ஷ்டம் இருக்கும்போதே எண்களை எடுத்துவிட வேண்டும். கழற்ற முதல், ஸ்கோப்பின் முன்பக்கத்திலேயே எக்ஸர் 02 என்ற பரிசோதனையில் அந்த எண்களைத் திரையில் வரவழைத்துப் படம் எடுக்கலாம். பிறகு ஈயத்தை உறிஞ்சி எடுத்து ஐ.சி.யைக் கழற்ற வேண்டும். கழற்றியதைக் கறுப்புக் கடத்து ஸ்பொஞ்சில் குத்தி வைக்கக்கூடாது. பின்கள் ஒன்றோடொன்று தொடுத்து எண்கள் அழியலாம். வாகன ஈ.சி.யு. திருத்தும் ஏறாவூர் அண்ணன் மெமரியை வாசித்து எழுதும் தன் புரோகிராமர் கருவியை மடிக்கணினியோடு கொண்டுவந்து, பல முறை வாசித்து ஒப்பிட்டு, கோப்பை இரண்டு இடத்தில் சேமித்துத் தந்தார். வாகனக் கணினி திருத்துபவரிடம் இந்தப் புரோகிராமர் இருக்கும் என்பது பலருக்குத் தோன்றாது. ஆகவே அழுத்திச் சொல்கிறோம்.

புதிய டி.எஸ். என்று வெளிநாட்டிலிருந்து வருவதில் பழையதைத் தேய்த்துப் புது ஆண்டு அச்சடித்ததும் உண்டு. அசிற்றோன் தொட்ட பஞ்சால் தேய்த்தால் எழுத்துக் கரைகிறதா என்று பாருங்கள். எதையாவது எழுதி, கரண்டை நிறுத்தி, ஒரு வாரம் கழித்து வாசித்துப் பாருங்கள். பற்றரியே வேண்டாத எப்றாம் (FRAM) மெமரி வகை, எப்.எம்.16டபிள்யூ08 போன்றது, இன்னொரு வழி. ஆனால் அது ஒவ்வொரு வாசிப்புக்கும், ஐ.சி.யை எழுப்பும் சிப் எனேபிள் கோடு ஏறி இறங்குவதை எதிர்பார்க்கும். அந்தக் கோட்டைக் கீழேயே பிடித்து வைத்திருக்கும் சுற்றில் போட்டால் குப்பைதான் வாசிக்கும். போட முதல் அந்தப் பின்னை இன்னொரு ஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சரியான ஐ.சி.யைக் கட்டாரிலிருந்து விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்த மருமகனுக்கும் நன்றி. கூடவே அவர் கொண்டுவந்த அங்குல அலன் கீகள் பொன்னுக்குச் சமம். டெக்ட்ரோனிக்ஸ் குமிழ்களுக்கு 1/16 அங்குலமும் 0.050 அங்குலமும் வேண்டும். 1.5 மில்லிமீற்றர் கீ போவது போலத் தெரியும், ஆனால் ஸ்குறூவின் அறுகோணத்தை உருட்டிவிடும்.

3478ஏயில் கதை வேறு மாதிரி: 256 அரை பைற்றுகள் கொண்ட சிறிய மெமரியை ஈயம் வைத்த 3 வோல்ற் லித்தியம் செல் ஒன்று காக்கிறது. செல்லைக் கழற்றினால் சரிப்படுத்தல் போய்விடும். வந்தாறுமூலை மாணவத் தம்பி ஆர்டுயினோ நானோவில் ஏ.ஆர்.488 என்ற இலவச மென்பொருளை ஏற்றி, அளவைக் கருவியைக் கணினியோடு இணைக்கும் ஜி.பி.ஐ.பி. கேபிளையும் கட்டித் தந்தார். கருவியின் வழக்கமான முகவரி 23. டபிள்யூ என்ற எழுத்தையும் அடுத்து 0 முதல் 255 வரை ஒரு எண்ணையும் அனுப்பினால், ஒவ்வொரு தடவையும் ஒரு அரை பைற் வரும். முன்முகப்பில் உள்ள சரிப்படுத்தல் ஸ்விற்சை இதற்குத் தொடவே கூடாது. எண்கள் கையில் வந்த பிறகுதான் அயனைச் சூடாக்கலாம். கருவியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, இரண்டு ஏ.ஏ. செல்களை ஒரு ஷொட்கி டயோட்டின் ஊடாகப் பழைய செல்லுக்குச் சமாந்தரமாகக் கட்டி, மெமரியின் பின்னில் 2.5 வோல்ற்றுக்குக் குறையாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டு மாற்ற வேண்டும். புதுச் செல்லின் உடம்பில் நேரே ஈயம் வைக்கக்கூடாது, சூட்டில் செல் கெடும், வெடிக்கவும் கூடும். பற்றரிப் பொதி கட்டும் வாழைச்சேனைத் தம்பி நிக்கல் தகட்டை ஸ்பொட் வெல்டில் ஒட்டித் தந்தார்; சில நிமிட வேலை.

பிரதான வீதி மருந்தகத்து அம்மாவுக்கு ஒரு தனி நன்றி. கிருமிநீக்கி என்று விற்கும் அல்ககோலில் கிளிசரின் சேர்ந்திருக்கும். அதில் போட்டைத் துடைத்தால் படலம் படிந்து ஈரத்தை இழுக்கும். அவர் வருவித்துத் தந்தது 99 வீத ஐசோபுரோப்பைல். 3478ஏயின் தாழ்ந்த டி.சி. எல்லைகளில் உள்ளீட்டுத் தடை 10,000 மெகாஓமுக்கு மேல். விரல் எண்ணெயும் உப்பும் கசிவுப் பாதையானால் அந்தத் தடை பேச்சில்தான் இருக்கும். பரிசோதனை எளிது: உள்ளீட்டின் இரண்டு முனைகளையும் நேரே இணைத்து வாசியுங்கள், பிறகு 10 மெகாஓம் றெசிஸ்ரர் ஒன்றால் இணைத்து வாசியுங்கள். வித்தியாசம் 0.5 மில்லிவோல்ற் என்றால் 50 பிக்கோஅம்பியர் ஓடுகிறது. றெசிஸ்ரரை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து, தகரத்தைத் தாழ் முனையோடு இணைக்காவிட்டால் 50 ஹேட்ஸ் இரைச்சல்தான் தெரியும். இன்னொன்று, கச்சான் காற்று வீசும் காலத்தில் எல்லாக் கருவியும் நல்லபிள்ளை. கசிவு உண்மையில் போய்விட்டதா என்று மாரியில் திரும்பவும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, செல்லுபடியாகும் சான்றிதழ் உள்ள மீற்றரை நம்பித் தந்த மருத்துவக் கருவித் தொழில்நுட்பவியலாளருக்கு. இரண்டு மீற்றரையும் இரண்டு மணி நேரம் சூடாக விட்டு, ஒரே 10 வோல்ற் மூலத்தை இரண்டிலும் ஒரே நேரத்தில் வாசித்து, முனைகளை மாற்றித் திரும்ப வாசித்தோம். வித்தியாசத்தை எழுதி மூடியில் ஒட்டியிருக்கிறோம், சரிப்படுத்தலைத் தொடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான நியமம் இல்லாமல் திருகுவதைவிட, தெரிந்த பிழையோடு வாசிப்பது மேல். உள்ளே இருக்கும் துல்லிய றெசிஸ்ரரை ஒரு பாகைக்கு 100 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 100 பங்கு) மாறும் சாதாரணமானதால் மாற்றும் ஆசையும் வேண்டாம். இங்கே காலைக்கும் பின்னேரத்துக்கும் எட்டுப் பாகை வித்தியாசம் வந்தால் 3 வோல்ற்றில் 2.4 மில்லிவோல்ற், அதாவது கடைசி இலக்கத்தில் 240 எண்ணிக்கை நகரும்.

சேவைக் கையேடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து பொதுவில் வைத்தவர்களை நாங்கள் கண்டதில்லை. சுற்றுப்படம் இல்லாமல் மேலே எழுதிய எதுவும் நடந்திராது. அவர்களுக்கும் நன்றி.

இன்னும் தேவைப்படுவது: யு800 உயிரோடு உள்ள, வேறு ஏதாவது பழுதான 2465 வகை ஸ்கோப் எதுவும், 24 பின் ஜி.பி.ஐ.பி. கனெக்டர்கள். பழைய இரும்புக்காரரிடம் போக முதல் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நல்ல விலை தருவோம். மெமரி வாசிக்கும் கேபிளும் அங்குல அலன் கீகளும் கல்லடியில் இருக்கின்றன. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் எவருக்கு வேண்டுமென்றாலும் பஸ்ஸில் போட்டு அனுப்புவோம்.

நன்றியுடன்,
கல்லடியில் பழைய அளவைக் கருவிகள் திருத்தும் நாங்கள்