ராத்திரி எடுத்த பாட்டில்

திண்டுக்கல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க எனக்கு நைட் டியூட்டி. பகலில் தூக்கம், சாயங்காலம் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவது என்று ஓடிவிட்டது. அம்மாவுக்கு வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விடும்போது மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கதிர் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

பேரன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. 34 வாரத்தில் பிறந்த பிள்ளை, 1,900 கிராம், அதுவும் பனிக்குடம் உடைந்து இருபது மணி நேரம் கழித்துப் பிரசவம். பிரியா எவ்வளவு தவித்திருப்பாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். நீயும்தான்.

ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று கல்ச்சர் பார்க்கப் பிறந்த அன்றே ரத்தம் எடுத்தார்கள், ஏழு நாள் கிருமிக்கான மருந்தை ஊசியாகப் போட்டார்கள், கடைசியில் "கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை" என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். "ஒன்றுமே இல்லாததற்கு எதற்கு அந்தப் பிஞ்சுக் கையை ஏழு நாள் குத்தினார்கள்? டெங்குவுக்குக் கால் மணி நேரத்தில் சொல்கிறார்களே, இதற்கு அப்படி ஒரு டெஸ்ட் இல்லையா?" என்று கேட்டிருக்கிறாய். நான் இருபத்தைந்து வருடமாக லேபில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ஊசி ஆரம்பித்தது சரிதான், அதில் சந்தேகமே வேண்டாம். பச்சைக் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி ஏறினால் பெரியவர்களைப் போலக் காய்ச்சல் அடிக்க வேண்டும் என்று இல்லை. பால் குடிக்காது, துவண்டு கிடக்கும், கால் சில்லிட்டுப் போகும், மூச்சு வேகமாகும் அல்லது நடுவில் நின்று நின்று வரும். காலையில் கொஞ்சம் மந்தமாக இருந்த பிள்ளை சாயங்காலத்துக்குள் கைவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் தாண்டினாலே டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். ரிப்போர்ட் வரட்டும் என்று எந்த டாக்டரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது.

கேள்வி எல்லாம் நிறுத்துவதில்தான். எப்போது, எந்தத் தைரியத்தில் நிறுத்துவது?

நாம் படித்தபோது மேனுவல் பாட்டில் வைத்தது ஞாபகம் இருக்கிறதா? தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ரத்தத்தை விட்ட ஊட்டக் கரைசல் கிருமி வளர்ந்து கலங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். உனக்குக் கண் கூர்மை. நான் ஒன்றும் வளரவில்லை என்று வைத்துவிட்ட பாட்டிலில் நீ கலங்கலைக் கண்டுபிடிப்பாய். இப்போது அந்த வேலையை பாக்டெக் மாதிரி மெஷின் செய்கிறது. கிருமி வளரும்போது விடுகிற கரியமில வாயுவை பாட்டிலின் அடியில் உள்ள சென்சார் உணரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெஷின் பார்த்துக்கொண்டே இருக்கும், வளர்ந்தால் சத்தம் கொடுக்கும். நிஜமான தொற்று என்றால் பெரும்பாலும் 36 மணி நேரத்துக்குள் காட்டிவிடும். அப்புறம் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற கிராம் ஸ்டெயின், பிளேட்டில் போட்டு வளர்ப்பது, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்ப்பது. அதற்கு இன்னும் ஒன்றிரண்டு நாள்.

இதைச் சுருக்கத்தான் புதுப்புது கருவிகள் வந்திருக்கின்றன. மால்டி-டாஃப் என்று ஒன்று. பிளேட்டில் வளர்ந்த கிருமிக் கூட்டத்தைத் தொட்டு ஒரு தட்டில் தடவி லேசரை அடித்தால், புரதங்களின் எடையை வைத்து இன்ன கிருமி என்று சில நிமிடங்களில் சொல்லிவிடும். இந்த மாதிரி லேசர் முறைக்காகத்தான் ஜப்பானின் கோயிச்சி தனாகாவுக்கு 2002-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்னொன்று, கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கிற பிசிஆர் பவுச். ஒரு பயிற்சியில் நானே கையால் போட்டுப் பார்த்தேன். பாசிட்டிவ் ஆன பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்து பவுச்சுக்குள் விட்டு மெஷினில் சொருகினால், ஒரு மணி நேரத்தில் கிருமியின் பெயர் வந்துவிடுகிறது. பெயர் மட்டும் இல்லை. மருந்துக்கு அடங்காத மரபணு இருக்கிறதா என்றும் சொல்கிறது. நம் ஊரிலேயே பேச்சு அடிபட்ட என்.டி.எம். அதில் உண்டு. 2010-ல் சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த கிருமிகளில் அதைக் காட்டினார்களே, அதே மரபணுதான். எனக்குப் புல்லரித்துவிட்டது, வசந்தி. மூன்று நாள் வேலை ஒரு டீ குடித்து வருவதற்குள் முடிகிறது. பவுச்சின் விலைதான் நம் மாதிரி இடங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதன் பட்டியலில் இல்லாத கிருமி வந்தாலும் சொல்லாது.

ஆனால் நான் மேலே எழுதியதை இன்னொரு தடவை படி. "பாசிட்டிவ் ஆன பாட்டிலிலிருந்து." அந்த ஒரு மணி நேரம், பாட்டில் சத்தம் கொடுத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் கிருமி வளர வேண்டும், அதற்கும் முன்னால் பாட்டில் மெஷினுக்குள் போக வேண்டும்.

பாட்டிலே இல்லாமல் ரத்தத்திலிருந்தே நேராகப் பார்க்க முடியாதா என்பாய். பெரியவர்களுக்கு வந்துவிட்டது. டி2 என்ற கருவிக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் சொல்கிறது. ஆனால் அது மூன்று நான்கு மில்லி ரத்தம் கேட்கும். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 80, 90 மில்லிதான், டீக்கடைக் கண்ணாடி டம்ளர் அளவு. அதில் நான்கு மில்லி கொடு என்று யாரிடம் கேட்பது? பச்சைக் குழந்தைகளுக்கான பிசிஆர் ஆய்வுகள் 35-ஐ ஒன்று சேர்த்து 2017-ல் காக்ரேன் என்ற, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் குழு கணக்குப் பார்த்தது. கல்ச்சரில் பாசிட்டிவ் ஆன நூறு பேரில் ஏறக்குறைய 90 பேரை அவை பிடிக்கின்றன. நல்ல எண்தான். கல்ச்சரை எடுத்துக் கடாசிவிட்டு இதையே நம்பலாம் என்ற அளவுக்கு நல்ல எண் இல்லை.

டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011-லிருந்து 2014 வரை ஓர் ஆய்வு நடந்தது, 2016-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த 13,530 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு செப்சிஸ், அதாவது கிருமித் தொற்று உடம்பு முழுக்கப் பாதித்த நிலை, என்று முடிவுகட்டினார்கள், ஆனால் கல்ச்சரில் வளர்ந்தது நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான். மூன்றில் இரண்டு பங்கு, பிறந்து மூன்று நாளுக்குள் ஆரம்பித்தவை. வளர்ந்த கிருமிகளில் அசினெடோபாக்டர் என்பதில் 82 சதவீதம், கிளெப்சியெல்லா என்பதில் 54 சதவீதம் பல மருந்துகளுக்கு அடங்காதவை. கிருமி வளர்ந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்கவில்லை. பதினான்கில் ஆறு என்ற கணக்கைப் பார்த்த டாக்டர், "வளரவில்லை" என்று நான் அனுப்பும் தாளை எப்படி நம்புவார்? ஏழு நாள் ஊசிக்குப் பின்னால் இருப்பது இந்த அவநம்பிக்கைதான். அதில் எங்கள் லேப் பக்கத்துப் பங்கும் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

இதை உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரு மார்கழி மாதம், காலை டியூட்டிக்கு வந்தேன். ஒன்பது மணிக்கு வார்டு ஆயா ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். லேபிளில் ரத்தம் எடுத்த நேரம் 11.20 என்று இருந்தது. முந்தின நாள் ராத்திரி 11.20. ராத்திரியில் லேபைப் பூட்டிவிடுவார்கள், அதனால் பாட்டில் சிஸ்டர் மேஜையில் இருந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. உள்ளே அரை மில்லி ரத்தம்கூட இல்லை. அதுவும் ஊசி போட்ட பிறகு எடுத்த ரத்தம். மெஷினில் ஏற்றினேன். அன்று சாயங்காலம் ஆறே முக்காலுக்குச் சத்தம் வந்தது. ஸ்லைடில் குட்டையாக, தடியாக, இளஞ்சிவப்பு நிறக் கோல்கள். பார்த்ததுமே கிளெப்சியெல்லா என்று தோன்றியது. வார்டுக்கு போன் போட்டேன். "அந்தப் பாப்பா நாலு மணிக்கே போயிடுச்சு சிஸ்டர்" என்றார்கள். இரட்டைக் குழந்தைகளில் இரண்டாவது.

பத்து மணி நேரம் முன்னால் ஏற்றியிருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அந்தப் பத்து மணி நேரம் யாருடைய கையிலும் இல்லாமல் போனது. அதை எந்தப் புது மெஷினும் திருப்பிக் கொடுக்காது.

இப்போது இருக்கும் இடத்தில் முதல் வேலையாக ஒரு நோட்டுப் போட்டேன். ரத்தம் எடுத்த நேரம், மெஷினில் ஏற்றிய நேரம், பாட்டிலில் எவ்வளவு ரத்தம், மருந்துக்கு முன்னாலா பின்னாலா. மாதம் ஒருமுறை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் என்.ஐ.சி.யு. என்கிற பச்சைக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு சிஸ்டர்களோடு உட்காருவேன். யாரையும் குறை சொல்வதில்லை, எண்களை மட்டும் படிப்பேன். ஒரு மில்லியில் நாலைந்து கிருமிதான் இருக்கலாம், அரை மில்லி எடுத்தால் அதுவும் தவறிப்போகும் என்று விளக்கியதும், அந்த சிஸ்டர்கள் பிரமாதமாகப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது ராத்திரி இரண்டு மணிக்கும் பாட்டில் சூடாகக் கைக்கு வருகிறது. தோலைத் துடைத்துக் காயவிட்டு எடுப்பதால் தோலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வளர்ந்து எல்லாரையும் குழப்புவதும் குறைந்திருக்கிறது.

இப்படி எடுத்த ஒரு மில்லி, 36 மணி நேரம் ஆகியும் வளரவில்லை, குழந்தை பால் குடிக்கிறது, தொற்று இருந்தால் ரத்தத்தில் ஏறும் சி.ஆர்.பி.யும் ஏறவில்லை என்றால் எங்கள் டாக்டரம்மா மருந்தை நிறுத்திவிடுகிறார். இங்கிலாந்து வழிகாட்டுதலும் அந்த 36 மணி நேரத்தைத்தான் சொல்கிறது. நிறுத்துவது சின்ன விஷயம் இல்லை. ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளைப் பற்றி 2009-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. கல்ச்சரில் எதுவும் வளராமலேயே ஐந்து நாளோ அதற்கு மேலோ மருந்து போட்டவர்களுக்குக் குடல் அழுகும் நோயும் சாவும் அதிகமாக இருந்தன. உன் பேரன் அவ்வளவு சின்னவன் இல்லை, அதனால் இதைப் படித்துப் பயப்படாதேடி. அங்கே என்ன பார்த்து ஏழு நாள் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதே. ஜென்டாமைசின் என்ற கிருமி மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட்டிருந்தால் காது கேட்கும் சோதனை செய்துவிட வேண்டும். அந்த மருந்து சில பேருக்குக் காதைப் பாதிக்கும். ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு ஒரு டோஸே போதும். ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. மான்செஸ்டரில் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் துடைத்து, 26 நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்து, வேறு மருந்து கொடுக்கிறார்கள். முதல் ஊசிக்கு முன்னாலேயே பதில் வந்துவிடுகிறது. அதைப் படித்த அன்று ரொம்ப நேரம் சந்தோஷமாக இருந்தேன். கிருமிக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்று நம்புகிறேன். நான் ரிட்டயர் ஆவதற்குள் வர வேண்டும் என்று ஆசை.

பிரியாவிடம் சொல்: பால் குடிப்பதைத் திடீரென்று நிறுத்தினாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டாலோ, உடம்பு ஜில்லிட்டாலோ, மூச்சு நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டினாலோ விடியட்டும் என்று இருக்க வேண்டாம், உடனே தூக்கிக்கொண்டு ஓடச் சொல். மற்றபடி நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தாய்ப்பால் மட்டும் கொடுக்கட்டும். பார்க்க வருகிறவர்கள் கையைக் கழுவாமல் தொட வேண்டாம். யார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. உன் மாமியார் உட்பட.

தையல் கடையை எப்போது மறுபடி திறக்கப்போகிறாய்? பழைய வேட்டியில் தைத்த குட்டிச் சட்டை நான்கு அனுப்புகிறேன். அம்மா கண் ஆபரேஷனுக்கு முன்னால் தைத்து வைத்தது, தையல் கொஞ்சம் கோணலாக இருக்கும். வருகிற வெள்ளி எனக்கு நைட். சனிக்கிழமை மதியம் எழுந்துவிடுவேன், அப்போது போன் பண்ணு. அவன் இப்போது எத்தனை கிராம் என்று எடை போட்டு வைத்துக்கொள்.

அன்புடன்,
மங்கை